சேதாரம் போக ஐம்பத்திரண்டு

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு முறை மாமா ஃபெயிலாவார். மார்ச்சில் எழுதியதற்கு மே மாதம் ஒரு முறை, அக்டோபரில் எழுதியதற்கு டிசம்பரில் ஒரு முறை. பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடங்களையும் பள்ளிக்கூடத்திலேயே பாஸ் செய்துவிட்டவர்தான். கணக்கு மட்டும் நின்றுபோயிற்று. அப்போதே இரும்பு கடையும் லேத்துப் பட்டறை வேலைக்குப் போய்விட்டவர், எட்டு வருஷம் கழித்து ஒருநாள் திடீரென்று, "ஒரு பாடந்தான பாக்கி கீது, அத்த எதுக்கு அரைகுறையா வுட்டு வெச்சிகினு" என்று பிரைவேட்டாக எழுத ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. முதலாளி கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் வைத்துவிட்டு வருவது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் வாங்கியது பதினொன்று. அதற்குப் பிறகு ஒன்பது, பதினேழு, பதினாறு, இருபத்து மூன்று, இருபத்தெட்டு. ரிசல்ட் வரும் நாளில் மாமா ஒரு பொட்டலம் பக்கோடாவோடு வருவார். "இன்னாடா ஆச்சு?" என்று அம்மா வாசலிலேயே கேட்பாள். "ஃபெயிலுக்கா. ஆனா போன வாட்டிக்கு இந்த வாட்டி ஏழு மார்க்கு ஏறிகீது" என்று பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவார். ஒன்பது வந்த வருஷம்கூட, "ரெண்டுதான் கம்மி" என்று பக்கோடா வந்தது. நாங்களும் ஏதோ நல்ல சேதி வந்த மாதிரி உட்கார்ந்து தின்போம்.

எனக்கு அது அவமானமாக இருக்கும். ஏனென்றால் நான் கணக்கில் புலி. அடக்கமாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூன்றாம் வகுப்பிலிருந்து கணக்கில் நூற்றுக்கு ஒரு மார்க் குறைந்ததில்லை. எட்டாம் வகுப்பில் இருந்தபோதே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கடன் வாங்கி, சும்மா பொழுதுபோக்குக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு கணக்கு எனக்கு வரவில்லை என்றால் அன்றைக்கு வீடு தாங்காது. பக்கத்தைக் கிழிப்பேன், பென்சிலை எறிவேன், சோறு வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அப்படி ஆனது வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான். ஆனாலும் அந்த நாட்களில் நைனா மணலி கம்பெனியில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

திருவொற்றியூரில் எட்டுக் குடும்பங்கள் ஒரே வாசலில் புழங்கும் வரிசை வீடுகளில் எங்களுடையது மூன்றாவது. கண்டெய்னர் லாரிகள் ரோட்டில் அடைத்துக்கொண்டு நிற்கும்போது வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் அலமாரியில் கிடுகிடுவென்று பேசிக்கொள்ளும். அந்தச் சத்தத்திலேயே படித்துப் பழகியவள் நான். மாமாவின் பட்டறை நாலு தெரு தள்ளி இருந்தது. காசிமேட்டு மீன்பிடி லாஞ்சுகளுக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ் எல்லாம் அங்கேதான் கடைவார்கள். அம்மாவின் அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் தம்பியை வளர்த்தது அம்மாதான். அவருக்கு இருபத்தாறு வயது முடியப்போகிறது, இன்னும் ஒரு கல்யாணம் ஆகவில்லையே என்ற கவலை அவளுக்கு எந்நேரமும் உண்டு.

அந்த ஆவணியில் மீஞ்சூரில் ஒரு பெண் இருக்கிறது என்று சொன்னார்கள். எல்லோரும் ரயிலேறிப் போனோம். பெண் பிளஸ் டூ பாஸ். பெண்ணின் அப்பா ஏதோ ஒரு ஆபீசில் முப்பது வருஷமாக ஃபைல் தூக்கிக்கொண்டிருந்தவர். தாளில் சீல் இல்லாத எதையும் நம்பாதவர் என்பது நாங்கள் கொண்டுபோன மாமாவின் ஜாதகத்தையே அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததில் தெரிந்தது. "தம்பி இன்னா படிச்சிருக்காப்பல?" என்று கேட்டார். "பத்தாவது பாஸுங்க" என்று சொல்வதற்காக அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"பத்தாவதுல கணக்கு மட்டும் பாக்கி கீதுங்க. ஆறு வாட்டி எழுதிட்டேன், ஆறு வாட்டியும் ஃபெயிலு" என்று சிரித்த முகமாகச் சொன்னார். அம்மா அவர் தொடையைக் கிள்ளினாள். அந்தப் பெண் பஜ்ஜித் தட்டோடு அங்கேயே நின்றிருந்தாள். எனக்கு அந்தப் பாய்க்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

பெரியவர் முடிவாகச் சொன்னார். பையன் நல்ல பையன்தான், கைத்தொழில் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் பிளஸ் டூ படித்த பெண்ணைப் பத்தாவது முடிக்காதவனுக்குக் கொடுத்தால் ஆபீசில் தலை நிமிர முடியாது. வருகிற அக்டோபரில் பாஸ் பண்ணி மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டட்டும், தையில் தாலி கட்டிக்கொள்ளட்டும். இல்லையென்றால் பொன்னேரியில் ஒரு ஐடிஐ படித்த பையன் காத்திருக்கிறான்.

திரும்பி வரும்போது ரயிலில் மாமா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அத்திப்பட்டு தாண்டியதும், "அந்தப் பொண்ணு நல்லா கீதுல்லக்கா?" என்று கேட்டார். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினாறு வயதுக்குப் பிறகு தம்பி தனக்கென்று ஒன்று வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

டியூஷன் மாஸ்டர்கள் யாரும் மாமாவைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. அவரைச் சேர்த்தால் டியூஷன் சென்டரின் பாஸ் கணக்கு கெட்டுவிடுமாம். அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தாள். "உன் மாமன் கல்யாணம் உன் நோட்டுலதாண்டி கீது" என்றாள். நான் வெட்கப்படுவது போல இரண்டு நிமிஷம் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி. அடிக்கிற அதிகாரத்தோடு ஒரு பெரிய ஆள் மாணவனாகக் கிடைப்பது எட்டாம் வகுப்புப் படிக்கிறவர்களுக்குச் சாதாரணமாக நடக்கிற காரியமா?

தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு மாமா கை கால் கழுவி, கிரீஸ் கறை போகாத விரல்களோடு வந்து என் எதிரில் குந்துவார். நான் ஸ்டூலில். அவர் தரையில். என்னை "மிஸ்ஸு" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். தப்புக்கு ஒரு அடி, அடிமட்டத்தால், உள்ளங்கையில். காய்த்துப்போன அந்தக் கையில் என் அடிமட்டம்தான் இரண்டு வாரத்தில் விரிசல் விட்டது. "ரவ சாஞ்சி அடி மிஸ்ஸு, ஸ்கேலு ஒடைஞ்சிடப் போவுது" என்று அவரே சொல்லிக்கொடுப்பார்.

ஒரு வாரத்தில் எனக்கு ஒரு விசித்திரம் பிடிபட்டது. மாமாவின் விடைகள் எல்லாம் சரியான விடைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றன. ஆனால் எப்போதும் கொஞ்சம் கூட. நாற்பது என்றால் நாற்பத்தொன்று. எழுபத்தேழு என்றால் எழுபத்தெட்டரை. வடிவியலில் ஆறு சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போடச் சொன்னால் ஆறும் ஒரு மில்லிமீட்டரும். அந்த வட்டம் என்னவோ அச்சு வார்த்த மாதிரி அவ்வளவு சுத்தமாக இருக்கும். என் வட்டங்கள் எல்லாம் சேருகிற இடத்தில் ஒரு வால் விட்டிருக்கும். நான் அந்த அழகைக் கண்டுகொள்ளாமல் மார்க்கைக் குறைப்பேன்.

"ஏன் மாமா எல்லாத்துலயும் ஜாஸ்தி வருது?"

"தெரிஞ்சிதான் வெச்சிகினு கீறேன்" என்றார். "ஆறுன்னு கேட்டா கரெக்டா ஆறு வெட்டக் கூடாது மிஸ்ஸு. ரவ வுட்டு வெட்டணும். கம்மியா வெட்டிட்டா அப்பால ஒட்ட முடியுமா? ஜாஸ்தி கீதுன்னா மறுபடியும் மிசின்ல குடுத்துக் கடைஞ்சிக்கலாம்."

"பேப்பர்ல கடையறதுக்கு ஏது மிசினு?"

அவர் அதை யோசித்தே பார்த்ததில்லை போலிருக்கிறது. தலையைச் சொறிந்தார். பை என்றால் மூன்று புள்ளி ஒன்று நாலு என்று புத்தகம் சொன்னால், அவர் மூன்று புள்ளி இரண்டு என்று வைத்துக்கொண்டு பெருக்குவார். பத்து வருஷமாகக் கை அப்படிப் பழகியிருந்தது. பட்டறைக்குப் போன பிறகு ஐந்து தடவை ஃபெயிலானதில் பாதி மார்க் இந்த 'ரவ'யில் போயிருக்கும் என்று நான் அன்றைக்குக் கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்புக்காக எனக்கு நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன்.

இதைவிட மோசம், உருக்குகிற கணக்கு. ஆறு சென்டிமீட்டர் ஆரமும் பதினாறு சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு திண்ம உலோக உருளையை உருக்கி, இரண்டு சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டைகள் செய்தால் எத்தனை உருண்டை கிடைக்கும்? இது கேள்வி. விடை ஐம்பத்து நான்கு. மாமா எல்லாப் படியையும் அழகாகப் போட்டு, 'ரவ'கூடச் சேர்க்காமல், ஐம்பத்து நான்கு வரைக்கும் வந்தார். நான் பூரித்துப்போய்ச் சரி போடக் குனிந்தபோது அதை அடித்துவிட்டு ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.

"ஐயோ மாமா! இன்னாத்துக்கு மாத்துன?"

"உருக்குனா சேதாரம் போவாதா? அடுப்புல கொஞ்சம், அச்சுல கொஞ்சம். ஐம்பத்தி நாலு வரும்னு எவனாவது ஆர்டர் எடுத்தான்னா அவன் காலி."

சேதாரம் எதுவும் இல்லை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று காட்டினேன். "எழுதுனவரு பட்டறைக்கு வந்தது இல்ல" என்றார் மாமா. அன்றைக்கு இரண்டு கையிலும் அடி. ஆனாலும் மறுநாள் ஆறு மணிக்கு அதே முகத்தோடு வந்து குந்தினார், அதே கணக்கைத் திரும்பப் போட்டார், ஐம்பத்து மூன்று என்று எழுதினார். எனக்காக ஒன்று ஏற்றிக்கொடுத்தாராம்.

இப்படிச் சண்டையும் சச்சரவுமாக ஏறிக்கொண்டே வந்தோம். நான் வைத்த பரீட்சைகளில் இருபத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பத்து மூன்று. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். நிஜப் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு அந்தக் கூம்புக் கணக்கு வந்து சேர்ந்தது.

பழைய கைடு ஒன்றில் இருந்தது அது. மூன்று சென்டிமீட்டர் ஆரமும் ஏழு சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கூம்பு. அதில் தண்ணீர் மொண்டு, ஆறு சென்டிமீட்டர் ஆரமும் பதினான்கு சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு உருளையில் ஊற்றினால் எத்தனை தடவையில் நிரம்பும்? மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். இருபத்து நான்கு வந்தது. மிடுக்காகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விடையைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு என்று இருந்தது.

மறுபடியும் போட்டேன். இருபத்து நான்கு. வேறு வழியில் போட்டேன், இருபத்து நான்கு. பெருக்கலைச் சரிபார்த்தேன், வாய்பாட்டைச் சரிபார்த்தேன், கேள்வியை விரலை வைத்துப் படித்தேன். ஐந்து தடவையும் இருபத்து நான்கு. என் மாணவன் எதிரில் குந்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தைக் கிழித்தேன். போதாமல் அடுத்த பக்கத்தையும் கிழித்தேன். பிறகு பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு மாமா வந்து குந்தினார். தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு அடுத்த நாளும் தலைவலி. எனக்குக் கணக்கே வராது, இத்தனை நாள் ஏதோ குருட்டாம்போக்கில் நூறு வந்துகொண்டிருந்தது, இப்போது சாயம் வெளுத்துவிட்டது, இனிமேல் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அம்மா முதலில் கெஞ்சினாள். மூன்றாம் நாள் பஜ்ஜி போட்டாள். நாலாம் நாள், "ஒரே ஒரு கணக்கு தப்பானதுக்கு ஒருத்தன் வாழ்க்கையை அந்தரத்துல வுடுவியாடி? அந்தப் பொன்னேரிப் பையன் சட்டையை இஸ்திரி போட்டு வெச்சிகினு கீறான்" என்று கத்தினாள். நான் இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டிப் படுத்தேன். மாமாவின் கல்யாணம் நிற்கப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் அடிபம்பு பக்கத்திலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. யாரோ எண்ணுகிறார்கள், எல்லோரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். "ஏழு! எட்டு!" எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது? எழுந்து போய்க் கதவோரமாக நின்று பார்த்தேன்.

பட்டறையில் கிடந்த தகரத்தை வெட்டி மாமா ஒரு கூம்பு செய்திருந்தார். ஒரு உருளையும் செய்திருந்தார். ஈயம் வைத்து ஒட்டிய இடம்கூடத் தெரியவில்லை, அப்படியொரு நேர்த்தி. எட்டு வீட்டு ஜனமும் சுற்றி நின்றது. மாமா கூம்பில் பம்புத் தண்ணீரை விளிம்பு வரைக்கும் பிடித்து, சொட்டுக் கீழே விழாமல் உருளையில் ஊற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஜனம் எண்ணியது. கடைசி வீட்டு ஐஸ் பேக்டரி அண்ணன், "நாப்பத்திரெண்டு கண்டிப்பா வரும், புஸ்தகம் பொய் சொல்லுமா" என்று சவால் விட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டில் அவர் குரல் இறங்கியது. இருபதில் ஒதுங்கி நின்று பீடியைப் பற்றவைத்தார்.

இருபத்து மூன்று ஊற்றியதும் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. இருபத்து நாலாவதை ஊற்ற ஊற்ற வழிந்து மாமாவின் கால் நனைந்தது.

"மிஸ்ஸு! மெய்யாலுமே இருபத்தி நாலு கிட்டதான் வருது. நாப்பத்திரெண்டுக்கு எங்க எடம் கீது?" என்று கதவோரம் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்.

"இருபத்தி மூணுலயே ரொம்பிருச்சே, அதுவும் தப்புதான்" என்றேன் நான், விட்டுக்கொடுக்காமல்.

"அது நான் ரவ வுட்டு வெட்டுனது. ரெண்டுலயும் ஒரு மில்லி வுட்டேன்."

நான் யோசித்தேன். இரண்டிலும் ஒரே அளவு கூட வைத்தால் சின்னதில் அது பெரிய வித்தியாசம் ஆகிவிடும். மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். இருபத்து மூன்றும் கொஞ்சமும் என்று வந்தது. வந்தது மட்டுமல்ல, தலைவலியும் போய்விட்டது. ஆனால் கைடு தப்பாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அச்சுல எண்ணைத் திருப்பிப் போட்டுட்டாங்க" என்று பேனாவை எடுத்து நாற்பத்திரண்டை அடித்து இருபத்து நான்கு என்று எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயந்திரம் ஆறு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மாமா திருத்திய பக்கத்தைப் பார்த்துவிட்டு, கிண்டல் இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "அப்ப நீ மொதல்லயே கரெக்டாதான போட்ட? அப்பால எதுக்கு அழுத?"

அடிமட்டத்தைத் தட்டி, "கேள்வி கேக்கறது நான்" என்றேன். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைப்பதற்குள் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் இரண்டு அரியரும் ஆயின.

மிச்சமிருந்த நாட்களில் உயிரைக் கொடுத்துப் படித்தோம். பரீட்சை ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். மாமா பட்டறைச் சாணைச் சக்கரத்தில் பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு போனார். அதன் முனையைப் பார்த்து வாசலில் நின்ற வாத்தியார், "இத்த உள்ளே எடுத்துகினு போலாமா?" என்று இன்னொரு வாத்தியாரைக் கேட்டாராம். மதியம் திரும்பி வந்தவரைச் சட்டை மாற்றக்கூட விடாமல் உட்கார வைத்து, கேள்வித்தாளை விரித்து, ஒவ்வொன்றாக விசாரித்தேன். வட்ட நாற்கரம் போட்டாயா? போட்டேன். ரவ வைத்தாயா? வைக்கவில்லை, கை பழக்கத்தில் போகப் பார்த்தது, ஆனாலும் வைக்கவில்லை. நல்லது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அதே உருக்குகிற கணக்கு, அதே எண்களோடு, ஐந்து மார்க்குக்கு உட்கார்ந்திருந்தது.

"மாமா, இன்னா எழுதுன?"

"ஐம்பத்தி நாலுதான்."

நான் எழுந்து குதித்தேன்.

"அதுக்குக் கீழ, 'ஆனால் பட்டறையில் சேதாரம் போக ஐம்பத்திரண்டுதான் கிடைக்கும்'னு எழுதிட்டேன். திருத்தறவரு பாவம், தெரியாம எங்கியாவது ஆர்டர் குடுத்து ஏமாந்துடக் கூடாது பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேள்வித்தாளையே கிழித்திருப்பேன். அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நான் மார்க்கைக் கூட்டி முடித்துவிட்டேன். இரண்டு விடை எழுதிய அந்தக் கணக்குக்கு ஒரு மார்க்கும் கிடையாது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் முப்பத்து மூன்று. என் கூட்டல் தப்பாது என்பது எட்டு வீட்டுக்கும் தெரியும். அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நைனா, "வுடு, அவன் தலையெழுத்து" என்றார். மாமா மட்டும், "முப்பத்தி மூணா? இருபத்தெட்டுக்கு அஞ்சு ஏறிகீதே!" என்றார். சொல்லிவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பக்கோடா வாங்கி வரவில்லை என்பதை நான் கவனித்தேன்.

ஆனால் அடுத்த வாரமே மார்ச் பரீட்சைக்கு எப்போது அப்ளிகேஷன் கொடுப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். "மார்ச்சுல பாஸ் பண்ணா யாருக்கு வேணும்? அதுக்குள்ள அவ பொன்னேரிக்கு மருமகளாப் போயிருப்பாடா" என்று அம்மா அழுதாள். "அத்த நான் இன்னா பண்ண முடியும்க்கா? பரீட்சைதான் நான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு, சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து என் எதிரில் குந்தினார். இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தேன்.

டிசம்பரில் மார்க் ஷீட்டு கொடுக்கிறார்கள் என்று தெரிந்து போனவர் மதியம் ஆகியும் வரவில்லை. அம்மா தெருமுனை வரை நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்று மணிக்குத் தெருமுனையில் சத்தம் கேட்டது. கையில் ஒரு பொட்டலம் இல்லை, ஒரு கூடை பக்கோடாவோடு மாமா வந்துகொண்டிருந்தார். பட்டறை ஆட்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கிருந்தோ பறை அடிப்பவர்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"முப்பத்தஞ்சுக்கா" என்றார் மாமா. அம்மா அவர் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாசல் என்றும் பாராமல் ஓவென்று அழுதாள். ஐஸ் பேக்டரி அண்ணன் ஆட ஆரம்பித்தார். எட்டு வீட்டுப் பெண்களும் வந்து மார்க் ஷீட்டைத் தொட்டுப் பார்த்தார்கள்.

நானும் அழுதேன். நான் அழுதது வேறு காரணத்துக்கு. என் கூட்டல் இரண்டு மார்க் தப்பாகிவிட்டது. திருத்தியவர் அந்த ஐம்பத்து நாலு கணக்குக்கு மார்க் போட்டிருந்தால் ஐந்து ஏறியிருக்க வேண்டும், போடாவிட்டால் ஒன்றும் ஏறியிருக்கக் கூடாது. இரண்டு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை, இன்றைக்கும் பிடிபடவில்லை. "ரவ ஜாஸ்தியா வந்துகீது மிஸ்ஸு, கோச்சிக்காத" என்று மாமா என் வாயில் ஒரு பக்கோடாவைத் திணித்தார். அது போகட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து நூறு நூறாக வாங்கி வந்திருக்கிறேனே, எனக்கு என்றைக்காவது ஒரு மேளம் அடித்தார்களா? முப்பத்தைந்து என்றால் அறுபத்தைந்து தப்பு என்று அர்த்தம். இதைச் சொன்னேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மீஞ்சூர்ப் பெரியவர் மார்க் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், சீலை விரலால் தடவிப் பார்த்தார், திருப்தியாகித் தட்டு மாற்றிக்கொண்டார். தையில் கல்யாணம் ஆயிற்று.

கல்யாணமான மூன்றாம் நாள் புது அத்தை வாசலில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷியாகத் தெரிந்தாள். அவளை ஏமாற்றக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. எனவே அவள் புருஷன் கணக்கில் எவ்வளவு மோசம் என்பதை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். பை மூன்று புள்ளி இரண்டு, ஐம்பத்திரண்டு உருண்டை, எல்லாவற்றையும். அவள் சிரித்துக்கொண்டே பின்னினாள். கடைசியில் கேட்டேன்: "வெறும் முப்பத்தஞ்சு மார்க்குக்காகவா அத்தை எங்க மாமாவைக் கட்டிக்கினே?"

"முப்பத்தஞ்சு எங்க நைனாவுக்குடி" என்றாள் அத்தை. "நான் அன்னிக்கு பஜ்ஜித் தட்டு எடுத்தாந்தப்பவே சரின்னுட்டேன். ஆறு வாட்டி எழுதுனேன், ஆறு வாட்டியும் ஃபெயிலுன்னு சிரிச்சிகினே சொன்னாரு பாரு, அப்பவே. எங்க நைனாவுக்குத்தான் தெரியாது."

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பதினொன்று, ஒன்பது, பதினேழு, பதினாறு, இருபத்து மூன்று, இருபத்தெட்டு. கூட்டிப் பார்த்தாலும் வகுத்துப் பார்த்தாலும் எங்கேயும் ஒரு பாஸ் வரவில்லை. பாவம், இவளுக்கும் கணக்கு வராது என்று தெரிந்துகொண்டேன். பிளஸ் டூ எப்படி பாஸ் செய்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.